கல்லும் கடவுளும் நூலும்: இன்கா உலகத்துக்குள் நுழைய ஓர் எளிய விளக்கம்

பெரு நாட்டின் குஸ்கோ நகரத்தில் ஆதுன் ரூமியோக் என்றொரு குறுகலான தெரு இருக்கிறது. அதன் ஒரு பக்கச் சுவரில் பச்சைச் சாயல் கொண்ட பெரிய கல் ஒன்று. எண்ணிப் பார்த்தால் அதற்குப் பன்னிரண்டு மூலைகள். பன்னிரண்டிலும் பக்கத்துக் கற்கள் கச்சிதமாக வந்து உட்கார்ந்திருக்கின்றன. இடையில் சுண்ணாம்புச் சாந்து கிடையாது. சுற்றுலா வருகிறவர்கள் அங்கே நின்று படம் எடுப்பார்கள், "பிளேடுகூட நுழையாது" என்று வழிகாட்டி சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள், அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. செங்கல் போல நாலு மூலை வெட்டி வரிசையாக அடுக்கவும் இவர்களுக்குத் தெரியும். கொஞ்ச தூரத்தில் லோரேட்டோ தெருவில் அப்படிப்பட்ட சுவர் இன்றும் நிற்கிறது. பிறகு எதற்கு இந்தப் பன்னிரண்டு மூலை?

பாதி விடை கல்தச்சர் வேலையில் இருக்கிறது, மீதி வழிபாட்டில். இன்காக்களைப் பொறுத்தவரை கட்டடம், மதம், கலை என்று தனித்தனியாகப் பிரித்துப் படித்தால் மூன்றுமே பிடிபடாது.

முதலில் சில குழப்பங்கள்

"பண்டைய இன்கா" என்று சொல்லிச் சொல்லி, அது ஏதோ பாபிலோன் காலத்துச் சமாசாரம் என்ற எண்ணம் பதிந்துவிட்டது. அப்படியில்லை. மரபாகச் சொல்லும் கணக்குப்படி பச்சாகுட்டி என்ற அரசர் 1438-ல் ஆட்சிக்கு வந்த பிறகுதான் குஸ்கோவைச் சுற்றியிருந்த சிறு நாடு பேரரசாக விரிந்தது. 1532 நவம்பர் 16 அன்று கஹமார்க்கா ஊரில் அரசர் அதாவால்பாவை ஸ்பானியர்கள் பிடித்தார்கள். இடையில் ஏறக்குறைய நூறு ஆண்டுதான். மச்சு பிச்சுவில் கிடைத்த எலும்புகளின் கார்பன் காலக்கணிப்பு 1420 வாக்கிலேயே அங்கே ஆட்கள் இருந்ததைக் காட்டுவதால், தொடக்கத்தைக் கொஞ்சம் முன்னே தள்ள வேண்டும் என்கிறவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் குறுகிய காலம்தான்.

மாயா, ஆஸ்டெக், இன்கா மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது அடுத்த தவறு. ஆஸ்டெக்குகள் மத்திய மெக்சிகோ. மாயாக்கள் தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம். இன்காக்கள் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். இன்றைய கொலம்பியாவின் தென்கோடியிலிருந்து சிலியின் நடுப்பகுதி வரை சுமார் 4,000 கிலோமீட்டர். தங்கள் நாட்டை அவர்கள் "தவாந்தின்சுயு" என்றார்கள். நான்கு பகுதிகள் சேர்ந்த ஒன்று என்று பொருள். "இன்கா" என்பது ஆளும் குலத்துக்கும் அரசருக்கும் உரிய பெயர். பேசிய மொழி கெச்சுவா. இன்றும் பல லட்சம் பேர் பேசுகிறார்கள்.

கெச்சுவாவில் இரண்டு சொற்கள் தமிழ்க் காதுக்கு வேடிக்கையாக இருக்கும். "மாமா" என்றால் அம்மா. "இந்தி" என்றால் சூரியன். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படித்தால் பச்சமாமாவை ஆண் தெய்வம் என்று நினைத்துவிட மாட்டீர்கள்.

இன்னொன்று. இவர்களிடம் இரும்பு இல்லை. பாரம் இழுக்கச் சக்கர வண்டி இல்லை. மாடு, குதிரை இல்லை. இருந்த ஒரே பொதி விலங்கு லாமா, அதுவும் 25 அல்லது 30 கிலோவுக்கு மேல் ஏற்றினால் படுத்துவிடும். நாம் எழுத்து என்று சொல்லும் எழுத்தும் இல்லை. இந்த "இல்லை"ப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் சில யூடியூப் சேனல்கள் வேற்றுக்கிரகவாசிகளைக் கூட்டி வருகின்றன. அவர்களுக்கு வேலையே இல்லை என்பது சுவரைக் கிட்டத்தில் பார்த்தால் தெரியும்.

வாக்கா என்றால் என்ன

இன்கா மதத்தைப் பற்றி ஒரே ஒரு சொல்லை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமானால் அது "வாக்கா". தெய்வத்தன்மை குடிகொண்ட எதுவும் வாக்கா. அது கோயிலாக இருக்கலாம், ஊற்றாக, மலை முகடாக, வயல் நடுவே கிடக்கும் பாறையாக இருக்கலாம். வழக்கத்துக்கு மாறாகப் பிறந்தது, விளைந்ததுகூட வாக்காதான்: இரட்டைக் குழந்தை, இரட்டைக் கரு முட்டை. இறந்துபோன அரசரின் பதப்படுத்திய உடலும் வாக்கா.

ஒரு பாறைக்குள் சாமி இருக்கிறது என்பதோடு இது நிற்பதில்லை. பாறைக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், கோபம் வரும், பேசவும் பேசும். எனவே அதற்குப் படைக்க வேண்டும். சீச்சா என்ற மக்காச்சோள மது, கோக்கா இலை, மெல்லிய துணி, ஸ்பாண்டிலஸ் என்ற சிவந்த கடற்சிப்பி, கினிப் பன்றி, லாமா என்று படையல் இடத்துக்கு இடம் மாறும். பொய் சொன்ன வாக்காவுக்குத் தண்டனையும் உண்டு. வாமாச்சுகோ பகுதியில் காதேகில் என்ற வாக்கா குறி சொல்வதில் பேர்பெற்றது. அது தனக்கு எதிராகக் குறி சொன்னதென்று அதாவால்பா அதன் சிலையை உடைத்து, கோயிலையும் அழித்தார். புதிதாக வென்ற நாட்டு மக்களின் வாக்காக்களைக் குஸ்கோவுக்குத் தூக்கி வந்து வைத்துக்கொள்வதும் வழக்கம். பார்வைக்கு மரியாதை, உள்ளுக்குள் பணயம்.

குஸ்கோவைச் சுற்றி இது ஒரு பெரிய ஏற்பாடாகவே இருந்தது. நகர நடுவில் கோரிகாஞ்சா என்ற சூரியக் கோயில். அங்கிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போலக் கண்ணுக்குத் தெரியாத 41 கோடுகள் நாலாபக்கமும் போயின, பெயர் "சேக்கே". அவற்றின் மேல் முன்னூற்றுக்கும் அதிகமான வாக்காக்கள். எந்தக் கோட்டை எந்தக் குலம் பார்த்துக்கொள்ள வேண்டும், எந்த வாக்காவுக்கு என்ன படைக்க வேண்டும் என்று பிரித்துவிட்டிருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பெர்னபே கோபோ என்ற பாதிரியார் எழுதிவைத்த பட்டியல் இருப்பதால்தான் இவ்வளவு விவரமும் நமக்குக் கிடைக்கிறது. பட்டியலைப் புரட்டினால் வியப்பாக இருக்கும். பெரும்பாலானவை சாதாரணக் கற்களும் ஊற்றுகளும்தான்.

கல்லைப் பற்றி இரண்டு கதைகள் சொல்கிறேன், சுவருக்குப் போகும்போது உதவும். சாங்கா என்ற இனத்தார் குஸ்கோவைத் தாக்கியபோது தோற்கும் நிலை; அப்போது களத்தில் கிடந்த கற்கள் வீரர்களாக எழுந்து பச்சாகுட்டிக்காகப் போரிட்டு, வென்றதும் மறுபடி கல்லாகிவிட்டன என்பது முதல் கதை. அந்தக் கற்களுக்குப் புருராவுகா என்று பெயர். தேடி எடுத்து வந்து வழிபட்டார்கள். இரண்டாவது, குஸ்கோவுக்கு மேலே குன்றின் மீதுள்ள சக்சாய்வாமன் என்ற பெரும் கட்டடத்துக்கு இழுத்து வரப்பட்ட ஒரு பெரும் பாறை வழியிலேயே களைத்துப்போய், இதற்கு மேல் முடியாது என்று இரத்தக் கண்ணீர் விட்டு நின்றுவிட்டதாம். பாதி வழியில் கிடக்கும் இப்படிப்பட்ட கற்களை இன்றும் "களைத்த கற்கள்" என்றே அழைக்கிறார்கள். கைவிட்ட கல் என்று சொல்வதில்லை.

சூரியன், நிலா, அரசரின் பிணம்

பெரிய தெய்வங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படைத்தவர் விராகோச்சா. சூரியன் இந்தி, அரச குலம் தன்னை அவருடைய வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்டது. நிலா மாமா கில்யா, சூரியனின் மனைவி. இடி மின்னலுக்கு இல்யாபா. பூமித்தாய் பச்சமாமா, கடல்தாய் மாமா கோச்சா. தலைமைப் பூசாரிக்கு வில்யாக் உமு என்று பெயர்.

கோரிகாஞ்சா என்றால் தங்க வளாகம். சுவர்களில் தங்கத் தகடு பதித்திருந்தது, தோட்டத்தில் தங்கத்தால் செய்த மக்காச்சோளச் செடிகள் நட்டிருந்தன என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதன் மேல் ஸ்பானியர்கள் சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1650-லும் 1950-லும் பெரிய நிலநடுக்கங்கள் வந்தன. இரண்டிலும் மேலே இருந்த மடம் பலத்த சேதம் அடைந்தது, அடியில் இருந்த இன்கா சுவர் நின்றது.

சூரியனின் பெரிய திருவிழா இந்தி ராய்மி, ஜூன் மாதக் கடைசியில். பூமத்திய ரேகைக்குத் தெற்கே அதுதான் ஆண்டின் மிகக் குறுகிய பகல். விலகிப் போகும் சூரியனைத் திரும்பக் கூப்பிடும் நேரம். ஸ்பானிய ஆட்சி தடை செய்த அந்த விழாவை 1944-ல் குஸ்கோவில் மறுபடி தொடங்கினார்கள். இப்போது ஜூன் 24-ல் நடக்கிறது. இன்று நடப்பது பெரும்பாலும் நாடகம் போன்ற நிகழ்ச்சி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைவிட விசித்திரமானது இறந்த அரசர்களின் வாழ்க்கை. "வாழ்க்கை" என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அரசர் இறந்தால் உடலைப் பதப்படுத்தி, அவருடைய அரண்மனையிலேயே வைத்திருப்பார்கள். நிலம், வேலையாட்கள், சொத்து எல்லாம் அவர் பெயரிலேயே தொடரும். பனாக்கா என்ற அவருடைய வம்சத்தார் நிர்வகிப்பார்கள். திருவிழா நாளில் அந்த உடல்களைச் சதுக்கத்துக்குத் தூக்கி வந்து உட்கார வைத்து, ஒருவர் சார்பில் இன்னொருவருக்குச் சீச்சா ஊற்றிக் கொடுப்பார்கள். புதிய அரசருக்குப் பட்டம் கிடைக்கும், அப்பாவின் அரண்மனை கிடைக்காது. அவர் தனக்கென்று நிலம் தேட வேண்டும். பேரரசு இவ்வளவு வேகமாக விரிந்ததற்கும், குஸ்கோவைச் சுற்றி அரசருக்கொரு தோட்ட மாளிகை என்று எழுந்ததற்கும் இது ஒரு காரணம். மச்சு பிச்சுவே பச்சாகுட்டியின் அப்படியொரு மாளிகை என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து. 1559-ல் போலோ தெ ஒந்தேகார்தோ என்ற ஸ்பானிய அதிகாரி இந்த உடல்களைத் தேடித் தேடிப் பறிமுதல் செய்தார். பிணத்தைப் பிடித்தால்தான் அரசாங்கத்தைப் பிடித்ததாகும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

குழந்தைப் பலியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. காப்பகோச்சா என்ற சடங்கில், தேர்ந்தெடுத்த குழந்தைகளையும் இளம் பெண்களையும் மலை உச்சிக்கு அழைத்துப் போய் மலைக்குக் கொடுத்தார்கள். 1999-ல் அர்ஜென்டினா–சிலி எல்லையில் 6,739 மீட்டர் உயரமுள்ள யுயாய்யாகோ எரிமலையின் உச்சியில் மூன்று உடல்கள் உறைந்த நிலையில் கிடைத்தன. மூத்தவளுக்கு 13 வயது இருக்கலாம். மற்ற இருவரும் சின்னஞ்சிறு பிள்ளைகள். அவளுடைய தலைமுடியை ஆராய்ந்ததில், கடைசி ஓராண்டில் கோக்காவும் மதுவும் கூடிக்கொண்டே போனது தெரிந்தது. அதாவது அவள் அங்கே போவது வெகு முன்பே முடிவாகிவிட்டது. கூடவே கிடைத்த தங்கம், வெள்ளி, சிப்பியால் ஆன விரல் நீளப் பொம்மைகளுக்கு உண்மையான துணியில் அளவெடுத்த மாதிரி உடை போட்டிருந்தார்கள்.

சுவரை எப்படிக் கட்டினார்கள்

எல்லா இன்கா சுவரும் சாந்தில்லாத சுவர் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவை பிர்கா வகை. அதாவது கிடைத்த கல்லைக் களிமண் சாந்து வைத்து அடுக்கி, மேலே மண் பூசியவை. மச்சு பிச்சுவின் வீடுகளில் பல இப்படித்தான். கல்லைச் செதுக்கி நெருக்கிப் பொருத்தும் வேலை கோயிலுக்கும் அரசர் மாளிகைக்கும் மட்டும். அதிலும் இரண்டு விதம்: வரிசை வரிசையாகப் போகும் செவ்வகக் கல், பல மூலைக் கல்.

கல்லைச் செதுக்கியது கல்தான். ழான்-பியர் புரோட்சன் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் 1980-களில் குஸ்கோ பக்கத்துக் கல்குவாரிகளில் இதைத் தன் கையாலேயே செய்து பார்த்தார். வேண்டியது ஆற்றில் உருண்டு வந்த குவார்ட்சைட் உருளைக்கற்கள். கனமானது சுமார் 4 கிலோ, முகத்தைச் சமப்படுத்த. சின்னது சில நூறு கிராம், விளிம்புக்கு. கனமான கல்லை ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. இரண்டு கையாலும் பிடித்து விழ விட்டு, படும் நொடியில் மணிக்கட்டைச் சற்றுத் திருப்ப வேண்டும். நேராக விழுந்தால் பொடிதான் உதிரும். 15, 20 பாகை சாய்வாக விழுந்தால் செதில் பெயரும். கல் மேலே துள்ளி எழும், மறுபடி பிடித்து விட வேண்டியதுதான். அவர் ஆண்டிசைட் என்ற எரிமலைக் கல் ஒன்றில் மூன்று முகங்களையும் ஐந்து விளிம்புகளையும் செதுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

இங்கே ஒரு தவறு நேரலாம். முகத்தைச் செதுக்கிக்கொண்டே போய் விளிம்பில் கனமான கல்லை விட்டால், விளிம்பு கையகலத்துக்குப் பெயர்ந்து விழுந்துவிடும். அதனால் முதலில் சின்னக் கல்லால், விளிம்பிலிருந்து விலகும் திசையில் தட்டி, விளிம்பை வரைந்துகொள்ள வேண்டும். பிறகுதான் நடுப்பகுதி. இதன் தடயம் சுவரிலேயே இருக்கிறது. நடுவில் பெரிய குழித் தழும்புகள், விளிம்பை நெருங்க நெருங்கப் பொடித் தழும்புகள், இரு கல் சேரும் இடம் சற்று உள்வாங்கி நிழல் கோடாக விழும். குஸ்கோ சுவர்களில் வெயில் சாயும்போது தெரியும் அந்தத் தலையணை போன்ற புடைப்பு, உளி இல்லாத வேலையின் கையெழுத்து.

பொருத்துவது எப்படி? மேலே வரப்போகும் கல்லின் அடிப்பக்கத்தை முதலில் முடித்துவிடுவார்கள். அதன் உருவத்துக்கு ஏற்றபடி கீழ் வரிசையின் தலையில் பள்ளம் எடுப்பார்கள். வைத்துப் பார்ப்பது, தூக்குவது, எங்கே முட்டுகிறது என்று தூசி நசுங்கிய இடத்தைப் பார்த்துத் தட்டுவது, மறுபடி வைப்பது. இதற்குத் தேவை பொறுமையும் ஆளும், ரகசியம் ஒன்றுமில்லை. சில கற்களின் முகத்தில் துருத்திக்கொண்டிருக்கும் குமிழ்கள் நெம்புகோல் முட்டுக் கொடுக்கவும் கயிறு மாட்டவும் விடப்பட்டவை. பிளேடு நுழையாது என்பது முன்பக்கத்துக்குப் பொருந்தும். பக்கவாட்டு இணைப்புகள் பலவற்றில் முன்னால் சில சென்டிமீட்டர்தான் நெருக்கம். உள்ளே ஆப்பு வடிவ இடைவெளி, அதில் மண்ணும் சல்லியும். பாரம் தாங்கும் கிடை இணைப்பு மட்டும் முழு ஆழத்துக்கும் பொருந்தியிருக்கும். எங்கே உழைப்பைச் செலவழிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்.

இப்போது பன்னிரண்டு மூலைக்கு வருவோம். செவ்வகமாக வெட்டினால் பாதிக் கல் செதிலாகப் போய்விடும். இருக்கும் உருவத்தை ஒட்டிச் செதுக்கினால் இழப்பு குறைவு. மூலைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் நிலம் ஆடும்போது கற்கள் வரிசையாக வழுக்காது. இது தொழில் காரணம். ஆனால் லோரேட்டோ தெருச் சுவரும் நிலநடுக்கத்தில் நின்றதுதான். எனவே, கல்லுக்கு உயிர் உண்டு என்று நம்புகிறவன் அதன் உருவத்தை எவ்வளவு குறைவாக மாற்றலாம் என்றுதான் பார்ப்பான் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கணிப்பு. மச்சு பிச்சுவில் கட்டடங்களுக்கு நடுவே பாறைகளை அப்படியே விட்டு, அவற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது.

நிலநடுக்கத்துக்கு வேறு பல தற்காப்புகளும் உண்டு. சுவர் அடியில் அகலமாகத் தொடங்கி மேலே போகப் போக உள்நோக்கிச் சில பாகை சாயும். வாசல், சன்னல், சுவர் மாடம் எல்லாம் கீழே அகலம், மேலே குறுகல். மேலே போடும் ஒற்றைக் கல் உத்தரத்தின் நீளம் அதனால் குறையும். வாசலுக்கு இரட்டைச் சட்டம் வைத்திருந்தால் உள்ளே முக்கியமான இடம் என்று பொருள். கூரை இச்சு என்ற மலைப்புல் வேய்ந்தது. சுவரின் முக்கோண முகட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் உருளைக் கற்கள் கூரையைக் கட்ட வைத்தவை. இன்று கூரை போய்விட்டதால் அவை எதற்கென்று பலருக்குப் புரிவதில்லை. கூரை இல்லாத சுவரில் மழை நேரே இறங்கிக் களிமண்ணைக் கரைக்கும். இடிபாடுகளைப் பாதுகாப்பதில் உள்ள பெரிய தலைவலி அதுதான்.

கல்லை இழுத்தது மனிதர்கள். சக்சாய்வாமனுக்கு 20,000 பேர் முறை வைத்து வேலை செய்தார்கள், 4,000 பேர் குவாரியில், 6,000 பேர் தோல் வடமும் நார் வடமும் பிடித்து இழுக்க, மீதிப் பேர் அடித்தளம் தோண்டவும் மற்ற வேலைக்கும் என்று சியேசா தெ லியோன் என்ற ஸ்பானிய வரலாற்றுக் குறிப்பாளர் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். வரிப்பணத்துக்குப் பதில் உழைப்பு. அந்த முறைக்கு மித்தா என்று பெயர். அங்குள்ள கோண வளைவுச் சுவர்களில் மிகப் பெரிய கற்கள் 100 டன்னைத் தாண்டும் என்று மதிப்பிடுகிறார்கள். அவை மட்டும் இன்றும் நிற்பதற்குக் காரணம் எளிது: சிறிய கற்களை ஸ்பானியர்கள் வீடு கட்ட எடுத்துப் போய்விட்டார்கள், இவற்றை அசைக்க முடியவில்லை.

மச்சு பிச்சுவின் கண்ணுக்குத் தெரியாத பாதி

2,430 மீட்டர் உயரத்தில், இரண்டு சிகரங்களுக்கு நடுவே, ஆண்டுக்கு 1,900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் ஒரு மலைமுதுகில் ஊரைக் கட்டினால் என்ன ஆகும்? நியாயப்படி சரிந்து ஆற்றில் விழ வேண்டும். விழாததற்குக் காரணத்தைத் தேடிய நீரியல் பொறியாளர் கென்னத் ரைட், கட்டுமான உழைப்பில் சுமார் 60 சதவீதம் தரைக்கு அடியில் இருக்கிறது என்று மதிப்பிட்டார்.

படிக்கட்டு வயல் ஒன்றைத் தோண்டினால் அடுக்கு தெரியும். அடியில் பெரிய கற்கள், அதன் மேல் சல்லி, அதன் மேல் மணல் கலந்த மண், எல்லாவற்றுக்கும் மேல் சுமந்து கொண்டுவந்து போட்ட வளமான மண். மழைநீர் மேல் மண்ணில் தங்கும் அளவுக்குத் தங்கி, மீதி கீழே இறங்கி ஓடிவிடும். இந்த வடிகால் அடுக்கு இல்லாவிட்டால், ஊறிய மண்ணின் பாரம் தடுப்புச் சுவரை முன்னால் தள்ளி ஒரே மழைக்காலத்தில் கவிழ்த்துவிடும். சதுக்கத்துக்கு அடியிலும் கல் தட்டிய சல்லிதான் பல அடி ஆழத்துக்கு. சுவர்களில் சுமார் 130 வடிதுளைகள்.

குடிநீர் தனிப் பாதை. மலைச்சரிவில் உள்ள ஊற்றிலிருந்து 749 மீட்டர் நீளக் கல்வாய்க்கால் ஊருக்குள் வருகிறது. அங்கே 16 நீர்த்துறைகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. முதல் துறை அரசர் இல்லத்தின் அருகில். மழைநீரும் கழிவுநீரும் இதில் சேராதபடி வாட்டம் பிரித்திருக்கிறார்கள்.

மச்சு பிச்சுவை 1911-ல் ஹிராம் பிங்கம் என்ற அமெரிக்கர் "கண்டுபிடித்தார்" என்று சொல்வார்கள். அவர் போனபோது அங்கே விவசாயக் குடும்பங்கள் அந்த வயல்களிலேயே பயிர் செய்துகொண்டிருந்தன. படிகள் நானூறு ஆண்டு கழித்தும் வேலை செய்தன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

உச்சியில் உள்ள இந்திவாத்தானா என்ற செதுக்கிய பாறையைச் "சூரியனைக் கட்டும் தறி" என்பார்கள். அந்தப் பெயர் பின்னால் வந்தது. நாளைத் துல்லியமாகக் காட்டும் கடிகாரம் என்பதைவிட, சுற்றியுள்ள சிகரங்களோடு உறவுள்ள ஒரு வாக்கா என்று பார்ப்பதே பொருத்தம். 2000-ஆம் ஆண்டில் ஒரு விளம்பரப் படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து அதன் மூலையைப் பெயர்த்துவிட்டது.

தங்கத்தைவிடத் துணி பெரிது

இன்கா கலை என்றதும் தங்கம் நினைவுக்கு வருகிறது. அது ஸ்பானியர்களின் கண். அதாவால்பாவின் விடுதலைக்கென்று ஏறக்குறைய 22 அடி நீளம், 17 அடி அகலமுள்ள ஓர் அறையைத் தங்கத்தால் ஒரு தடவையும் வெள்ளியால் இரண்டு தடவையும் நிரப்புவதாகப் பேச்சு. வந்து சேர்ந்த சிலைகள், கோப்பைகள், தகடுகள் உலையில் உருகிக் கட்டிகளாயின. பிறகு 1533-ல் அவரைக் கொன்றார்கள். அதனால்தான் இன்கா பொற்கொல்லர் வேலை இன்று அருங்காட்சியகங்களில் இவ்வளவு குறைவு. இருப்பதில் பெரும்பகுதி மலை உச்சிப் படையல்களில் உறைந்து தப்பியது.

இன்காக்களின் கணக்கில் உச்சத்தில் இருந்தது துணி. தினசரி உடுத்தும் முரட்டுத் துணி அவாஸ்கா. கும்பி வேறு ரகம்: லாமாவின் உறவான அல்பாகா, விக்குன்யா விலங்குகளின் மயிரில் நூற்று, கோச்சினீல் பூச்சியின் சிவப்பு ஏற்றி, இரு பக்கமும் ஒரே மாதிரித் தெரியும்படி நெய்தது. ஊடை நூல்களை எவ்வளவு நெருக்கி அடித்திருப்பார்களென்றால் பாவு வெளியே தெரியவே தெரியாது. இதை நெய்தவர்கள் முழுநேர ஆண் நெசவாளர்களும், அக்லயாவாசி என்ற இல்லங்களில் வாழ்ந்த, சிறு வயதிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களும். போர்வீரருக்குச் சன்மானம் துணி. வென்ற நாட்டுத் தலைவருக்குப் பரிசு துணி. சூரியனுக்கு எரித்துப் படைத்ததும் துணி. ஸ்பானியர் நெருங்கியபோது பின்வாங்கிய இன்கா படைகள் துணிக் கிடங்குகளுக்குத் தீ வைத்தன. எதிரி கையில் கிடைக்கக் கூடாதது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆண்களின் கையில்லாச் சட்டைக்கு உன்கு என்று பெயர். சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளைக் கட்டமும் கழுத்தருகே சிவப்பும் உள்ள உன்கு ஒருவகைச் சீருடை. கஹமார்க்காவில் அதாவால்பாவின் முன்னால் நடந்தவர்கள் அப்படி உடுத்தியிருந்ததை ஸ்பானியர்கள் குறித்திருக்கிறார்கள். சிறுசிறு கட்டங்களுக்குள் வெவ்வேறு கோலங்கள் அடங்கிய வடிவத்துக்குத் தோகாப்பு என்று பெயர். முழுக்கத் தோகாப்பால் நிறைந்த ஓர் உன்கு வாஷிங்டன் டம்பார்டன் ஓக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சதுரங்கக் கட்டச் சீருடையே ஒரு சிறு கட்டமாகச் சுருங்கிக் கிடக்கிறது. எல்லாப் பதவிகளும் என் உடம்பின் மேல் என்று ஓர் அரசர் சொல்வதாகவே அதைப் படிக்கத் தோன்றுகிறது.

மனித முகம், மிருகம், கதைக் காட்சி எல்லாம் இன்கா அரசுக் கலையில் குறைவு. இவர்களுக்கு முந்தைய மோச்சேக்கள் மண்குடத்தில் ஆளின் முகத்தை அச்சாக வடித்தவர்கள். இன்காக்கள் கோடு, கட்டம், சாய்சதுரம் என்று நின்றார்கள். ஒரே மாதிரி, எங்கே பார்த்தாலும் அரசுச் சரக்கு என்று தெரியும்படி. சீச்சா சுமக்கும் கூரடிப் பானையும் அப்படித்தான். இரு பக்கம் காது, முன்னால் ஒரு மிருகத் தலைக் குமிழ். காதுகளில் கயிற்றைக் கோத்துக் குமிழில் மாட்டி முதுகில் தூக்கலாம், கூர் அடியை மண்ணில் ஊன்றி இலேசாகச் சாய்த்து ஊற்றலாம். குடிக்கும் மரக்கோப்பை கேரோ எப்போதும் இரட்டையாகத்தான் செய்யப்படும். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. தனியாகக் குடிப்பது அவர்கள் வழக்கமில்லை.

முடிச்சில் ஒரு எண்

நூலின் இன்னொரு பயன் கிப்பு. ஒரு தலைக்கயிறு, அதிலிருந்து தொங்கும் பல நூல்கள், நூல்களில் முடிச்சுகள். 1912-ல் லேலண்ட் லாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதன் எண் முறையை விளக்கினார். ஒரு நூலில் 243 என்று போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கயிற்றுக்கு அருகே, நூறின் இடத்தில், இரண்டு ஒற்றை முடிச்சு. கொஞ்சம் இடம் விட்டு, பத்தின் இடத்தில், நான்கு ஒற்றை முடிச்சு. நுனிக்கு அருகே, ஒன்றின் இடத்தில், மூன்று சுற்றுப் போட்ட ஒரே நீள் முடிச்சு. ஒன்றின் இடத்துக்கு மட்டும் வேறு வகை முடிச்சு ஏன்? எண் அங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியத்தான். அதே நூலில் அடுத்த எண்ணைத் தொடங்கலாம். 203 என்றால் பத்தின் இடம் வெறுமனே இருக்கும், அதுதான் சுழியம். நீள் முடிச்சில் ஒரே சுற்றுப் போட்டால் சாதாரண முடிச்சாகிவிடும் என்பதால், 1 என்ற எண்ணுக்கு எட்டு வடிவ முடிச்சு. நூலின் நிறமும் முறுக்கும் கட்டிய பக்கமும் தனித்தனிப் பொருள் உடையவை. கணக்கு அல்லாத கிப்புகளும் உண்டு. அவற்றை இன்னும் யாரும் வாசிக்கவில்லை.

புல்லால் ஒரு பாலம்

இன்கா சாலைகள் மொத்தம் 30,000 கிலோமீட்டருக்குக் குறையாது. சாலை ஆற்றைக் கடக்கும் இடங்களில் புல் கயிற்றுப் பாலம். அவற்றில் ஒன்று மட்டும் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது: அபுரிமாக் ஆற்றின் மேல் கேஸ்வாச்சாக்கா, 28 மீட்டர் நீளம். அபுரிமாக் என்றால் பேசும் தெய்வம்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் நான்கு ஊர்க்காரர்கள் சேர்ந்து அதைப் புதிதாகக் கட்டுகிறார்கள். பச்சமாமாவுக்கும் மலைகளுக்கும் படையல் வைத்துவிட்டுத்தான் வேலை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று இச்சுப் புல்லைத் திரித்த சிறு கயிறு வரும். பல சிறு கயிறுகள் சேர்ந்து ஒரு தடிக்கயிறு, தடிக்கயிறுகளைப் பின்னி வடம். நான்கு வடம் நடைதளத்துக்கு, இரண்டு கைப்பிடிக்கு. வடங்களை இழுத்துக் கட்டுவது கல் தாங்கிகளில். மூன்று நாள் வேலை, நான்காம் நாள் திருவிழா. புல் ஓராண்டுக்கு மேல் தாங்காது. 2020-ல் பெருந்தொற்றால் புதுப்பிக்கவில்லை, 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அதே ஜூனில் இரு கரையிலிருந்தும் மறுபடி கட்டினார்கள். வழக்கமான ஆண்டுகளில் புது வடம் ஏறியதும் பழைய பாலத்தை வெட்டி ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள்.